வரவேற்புக்கு வழி நெடுக ரோஜா இதழ் தூவலாமா?

மன்னார்குடிக்காரன்:
ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம், உள்ளூரிலேயே மண்டபம். வரவேற்பன்று வாசலிலிருந்து மேடை வரைக்கும் ரோஜா இதழ் பரப்பி, அதன்மேல் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரவேண்டும் என்பது அவள் ஆசை. அலங்காரக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நாமே பூ வாங்கித் தூவிவிடலாமா? முதல்நாளே உதிர்த்து வைத்தால் தாங்குமா? பெரியப்பா வேறு, "வழியில பூ எறியறது எதுக்குன்னு தெரியாதா?" என்று முகம் சுளிக்கிறார்.

பூக்கடை அக்கா, கும்பகோணம்:
பெரியப்பா பேச்சைத் தள்ளாதே தம்பி. நம் பக்கம் தெரு நெடுக ரோஜா உதிர்ப்பது கடைசி ஊர்வலத்தில்தான். பெரியவர்களுக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

சாங்கியத்தை விடு, தரைக்கே இதழ் ஒத்துவராது. கிரானைட்டில் நசுங்கிக் கிடக்கும் இதழை மிதித்தால் வழுக்கும். ஃபேன் போட்டதும் பாதி இதழ் நாற்காலிக்கு அடியில் போய்ச் சேரும். சிவப்பு இதழ் ஈரத்தோடு மிதிபட்டால் சாயம் இறங்கும். பட்டுக் கரையில் பட்டால் லேசில் போகாது.

இதழ் ஆசை இருந்தால் வழிக்கு வேண்டாம், தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடும் உருளிக்கு வாங்கு. ஓசூர் ரோஜா இதழ் தடிமன், நிறம் நிற்கும், வாசனைதான் கிடையாது. பன்னீர் ரோஜா மணக்கும், ஆனால் மெல்லிசு, சீக்கிரம் துவண்டுவிடும். இரண்டையும் கலந்துகொள். கொத்தாகக் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அமுங்கும். குழிந்த பக்கம் மேலே இருக்கிற மாதிரி ஒவ்வொன்றாக விட்டால் மிதக்கும்.

உதிர்த்த இதழை வாங்காதே, பூவாகவே வாங்கு. காம்போடு இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். வரவேற்பன்று மத்தியானத்துக்கு மேல் வீட்டுப் பெண்களை உட்காரவைத்து ஆய்ந்துகொள். தண்ணீர் தெளித்துக் கட்டி வைத்தால் புழுங்கிக் கறுத்துவிடும், பிளாஸ்டிக் பையில் இறுக்கி முடிந்தாலும் அதே கதிதான். அகலமான கூடையில் பரப்பி, மேலே ஈரத்துணி போட்டு நிழலில் வை. உனக்குத் தஞ்சாவூர் பூக்காரத் தெரு பக்கம்தானே, அங்கேயே பார்.

திருவாரூர் சித்தப்பா:
மண்டபத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு விசேஷத்தில் இதழ் கூட்டி அள்ள என்று தனியாகப் பணம் வாங்கினார்கள். புக்கிங் பண்ணும்போது வாயே திறக்கவில்லை!

மன்னார்குடிக்காரன்:
நன்றி அக்கா. தங்கையிடம் சொன்னேன், மூஞ்சி தொங்கிப்போச்சு. வழிக்கு வேறு ஏதாவது உண்டா?

பூக்கடை அக்கா, கும்பகோணம்:
கம்பளத்தின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் செவ்வந்தியை முழுப்பூவாக நெருக்கி வை. அது ஃபேனுக்கு அசையாது, கால் படும் இடத்திலும் இருக்காது. போட்டோவுக்கு இதழ் வேண்டும் என்றால், மேடைக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நாலு பேர் கையில் தட்டைக் கொடுத்து, ஜோடி வரும்போது மேலே தூவச் சொல். விழுவது கொஞ்சம்தான், உடனே கூட்டிவிடலாம். மேலே தூவினால் அது பூமாரி, பெரியப்பாவும் ஒன்றும் சொல்லமாட்டார். இதற்கும் உருளிக்கும் சேர்த்து மூன்று, நான்கு கிலோ பூ போதும்.

ஆவணியில் முகூர்த்தம் நெருக்கமாக வரும். முதல்நாள் போய் நின்றால் சொன்னதுதான் விலை. ஒரு வாரம் முன்னாலேயே கடையில் சொல்லி முன்பணம் கொடுத்துவிடு.