‘செட்டி’ என்னும் சொல் தமிழிக் கல்வெட்டுகளில் உண்டா?

கேள்வி (காரைக்குடி):
குன்றக்குடி மலைக் குகையிலுள்ள தமிழிக் கல்வெட்டை (தமிழி என்பது ‘தமிழ்ப் பிராமி’ என்னும் பழைய தமிழ் எழுத்து) பார்க்கப் போன இடத்தில் பெரியப்பாவுக்கும் எனக்கும் ஒரு வழக்கு எழுந்தது. ‘செட்டாகக் குடும்பம் நடத்த வேண்டும்’ என்று எங்கள் ஆச்சிமார் சொல்லும் ‘செட்டு’ என்பதிலிருந்தே ‘செட்டி’ பிறந்தது என்கிறார் அவர். வடமொழிச் ‘சிரேஷ்டி’யின் திரிபு என்றே நான் படித்திருக்கிறேன். பழைய எழுத்துகள் இதைத் தீர்த்துவைக்குமா?

மறுமொழி (மதுரை):
நேரடிச் சான்று கிடைப்பது அரிது. அழகர்மலைக் குகையில் உப்பும் கொழுவும் (ஏர்முனை இரும்பு) அறுவையும் (துணி) விற்றவர்கள் தம்மை ‘வணிகன்’ என்றே பொறித்திருக்கிறார்கள். மாங்குளத்திலோ வணிகக் குழுவின் பெயர் ‘நிகமம்’. அதுவும் வடநாட்டின் பழைய பேச்சுமொழியான பிராகிருதம் வழியாக வந்த சொல்தான். இவ்விரண்டு இடங்களிலும் ‘செட்டி’ இல்லை. ஆனால் மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சியிலுள்ள பௌத்தத் தூபிக்குக் கொடை தந்த வடநாட்டு வணிகர் பலர், பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், ‘ஸெட்டி’ என்றே தம்மைக் குறித்துக்கொண்டார்கள்.

மறுமொழி (புதுக்கோட்டை):
உங்கள் ஊருக்கு அருகிலேயே ஒரு மறைமுகச் சான்று இருக்கிறது. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்னும் குகையின் கற்படுக்கையில் ‘அதிட்அனம்’ (இருக்கை) என்றொரு சொல் பொறிக்கப்பட்டுள்ளது. வடமொழியில் அது ‘அதிஷ்டானம்’. ‘ஷ்ட’ என்னும் கூட்டொலி பிராகிருதத்தில் ‘ட்ட’ எனத் தேய்ந்து, அந்த வடிவிலேயே தமிழுக்கு வந்திருக்கிறது. ‘சிரேஷ்டி’ ‘ஸெட்டி’யாகிச் ‘செட்டி’யானதும் இதே வழிதான் என்பதால், உங்கள் பெரியப்பா கோபித்துக்கொண்டாலும், நான் உங்கள் பக்கமே நிற்பேன். ‘செட்டு’ தொழிலிலிருந்து குணத்துக்குப் போன சொல்லாகவும் இருக்கலாம். வணிகரின் சிக்கனம் ஊரறிந்ததாயிற்றே!

மறுமொழி (தேவகோட்டை):
‘எட்டி’ என்னும் வணிகர் பட்டமே முதலில் தோன்றியது, ‘செட்டி’ அதன் வழிவந்தது என்று வாதிடுவோரும் உண்டு. மணிமேகலையில் ‘எட்டி குமரன்’, ‘கம்பளச் செட்டி’ இரண்டுமே வருவதால், ஒன்று மற்றொன்றை ஒழித்துவிட்டு வந்ததாகத் தெரியவில்லை. தமிழில் சொல்லின் முதற்சகரம் கெடுவது வழக்கம் (சிப்பி, இப்பி). ஆகவே ‘செட்டி’தான் ‘எட்டி’யாயிற்று என்று கொள்வதே எனக்கு எளிதாகப் படுகிறது. ஒன்றை மட்டும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்: ஒரு சொல் கல்லில் ஏறிய காலமும் வாயில் வழங்கத் தொடங்கிய காலமும் வேறு வேறு. ஆகவே அழகர்மலையில் ‘செட்டி’ இல்லாததை மட்டும் வைத்து, அச்சொல் அன்று வழங்கவில்லை என்று இருவரில் எவரும் முடிவு கட்டக் கூடாது.