கரண்டிக்குச் சங்கிலி போட்ட சூப் மடம்

குளக்கட்டான்: முந்தி வெளிநாட்டு டவுனுகளில ஏழையளுக்கு சூப் குடுத்த இடத்தில கரண்டியைச் சங்கிலியில கட்டி வச்சவங்களாம், உண்மையோ? எங்கட கோயில் கஞ்சிக்கு ஒரு பனையோலைப் பிளாவோட அலுவல் முடிஞ்சிடும்.

பாலைமரம்: உண்மைதான் தம்பி. 1847, அயர்லாந்துப் பஞ்சம். லண்டன் கிளப் ஒண்டில சமைச்ச அலெக்சிஸ் சோயர் எண்ட பிரெஞ்சுக்காரன் டப்ளினில கொட்டில் போட்டு நடுவில 300 கலன் கொப்பரை வச்சவன், மணி அடிச்சா 100 பேர் உள்ள, குடிச்சிட்டு மற்றப் பக்கத்தால வெளிய, கோப்பையைத் துடைச்சிட்டு திரும்ப மணி. திறந்த அண்டு பெரிய ஆக்கள் 5 சிலிங் குடுத்து சனம் குடிக்கிறதை வேடிக்கை பாத்தவையாம். சீ!

வெதுப்பகம்: அதுக்கு முன்னமே 1790கள்ல மியூனிக்கில ரம்ஃபோர்ட் பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் வினாகிரி போட்டுக் காய்ச்சினவர். ஆள் விஞ்ஞானி, விறகு மிச்சம் பிடிக்க மூடின அடுப்பு கட்டினவர். எங்கட மூண்டு கல்லு அடுப்பில முக்கால்வாசிக்கு மேல சூடு காத்தோட போயிடும்.

நந்திக்கடல்: 2009ல முள்ளிவாய்க்காலில நாங்கள் குடிச்சது அரிசி, தண்ணி, உப்பு, அவ்வளவுதான். தேங்காய்ப்பாலுக்கு எங்க போறது. கிடாரத்துக்கு முன்னால பிள்ளையள் கையில கிடைச்ச பேணி, வாளி மூடி எல்லாம் கொண்டு வந்து நிப்பினம், செல் குண்டு கூவினா வரிசை அப்பிடியே மண்ணில படுக்கும், பிறகு எழும்பி அதே இடத்தில நிக்கும். இப்ப மே மாசம் றோட்டோரத்தில அதே கஞ்சியைச் சிரட்டையில குடுக்கிறம்.

குளக்கட்டான்: அக்கா, அந்தப் பேணி ஏதும் வச்சிருக்கிறியளோ?

நந்திக்கடல்: ஒண்டு இருக்கு. அடி ஓட்டை.