உதவி தேவை: டோட்டல் புரோட்டீன் 9.4, டாக்டர் ‘ரூல் அவுட் மைலோமா’ என்கிறார். எந்த கோடு?

காரைக்குடி கோடர்:
வணக்கம். வீட்டிலிருந்தே அமெரிக்க ஓபி (வெளிநோயாளி) சார்ட்டுகளுக்கு கோடிங் செய்கிறேன், அதாவது டாக்டர் எழுதியதற்கு உரிய நோய்க் குறியீட்டைப் போடும் வேலை. ஒரு சார்ட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பேஷண்ட் 68 வயதுப் பெண், வந்தது சோர்வு என்று. லேப் ரிப்போர்ட்டில் டோட்டல் புரோட்டீன் 9.4, ஆல்புமின் 3.6, ஹீமோகுளோபின் 9.8. டாக்டர் அசெஸ்மென்ட்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ‘அனீமியா. டோட்டல் புரோட்டீன் அதிகம், ரூல் அவுட் மைலோமா, எலக்ட்ரோபோரெசிஸ் அனுப்பப்பட்டது.’ அதாவது மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்த, புரதங்களைப் பிரித்துக் காட்டும் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

சாஃப்ட்வேரில் ஹைப்பர்புரோட்டீனீமியா (ரத்தத்தில் புரதம் அதிகம்) என்று தேடினால் இ88.09 வருகிறது. டீம் லீட் ஆர்77.9 (எந்தப் புரதம் என்று குறிப்பிடாத மாறுபாடு) போடச் சொல்கிறார். கூட வேலை பார்க்கும் தோழி மைலோமாவுக்கான சி90.00 என்கிறாள். டோட்டல் புரோட்டீனில் ஆல்புமினைக் கழித்து குளோபுலினைக் கணக்குப் போட்டால் 5.8 வருவதால், குளோபுலின் மாறுபாட்டுக்கான ஆர்77.1தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. நாலு பேர், நாலு கோடு. எது சரி, ஏன் சரி என்று யாராவது சொல்லுங்கள்.

கோட்டையூர் ஐபி கோடர்:
நாங்கள் உள்நோயாளி சார்ட்டில் ‘ப்ராபபிள்’, ‘சஸ்பெக்டட்’ என்று டிஸ்சார்ஜ் நேரத்தில் எழுதியிருந்தாலே உறுதியான நோய் போல கோடு போடுவோம். அதனால் சி90.00 என்றுதான் நானும் சொல்வேன்.

பள்ளத்தூர் ஆடிட்டர்:
தம்பி, நீங்கள் சொல்வது ஐபிக்குச் சரி. இது ஓபி. நாம் பயன்படுத்தும் அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம் வழிகாட்டுதலின் நான்காம் பகுதி இதில் தெளிவாக இருக்கிறது. ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’, ‘ரூல் அவுட்’ என்று எழுதியதை வெளிநோயாளி வருகையில் நோயாக கோடு செய்யக்கூடாது. அந்த வருகையில் உறுதியாகத் தெரிந்த அறிகுறியோ பரிசோதனை முடிவோ எதுவோ, அதற்குத்தான் கோடு. சி90.00 போட்டால் அந்தம்மாவின் பதிவேட்டில் புற்றுநோய் என்று ஏறிவிடும். எலக்ட்ரோபோரெசிஸில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் பழைய கிளெய்மில் (காப்பீட்டுக் கோரிக்கையில்) அது நிற்கும். ஒரு மனுஷியின் வாழ்க்கையில் நாம் எழுதுகிற விஷயம் இது, அவசரப்படக் கூடாது.

அப்புறம் உங்கள் ஆர்77.1, தங்கச்சி. கணக்கு சரிதான், ஆனால் அது நீங்கள் போட்ட கணக்கு. சார்ட்டில் குளோபுலின் அதிகம் என்று டாக்டர் ஒரு வார்த்தை எழுதவில்லை. லேப் எண்ணைப் பார்த்து நாமாக ஒரு முடிவுக்கு வந்து கோடு போட முடியாது. எந்தப் புரதம் என்று அவர் சொல்லாதவரை டீம் லீட் சொன்ன ஆர்77.9 நிற்கும். இ88.09 வளர்சிதைக் கோளாறு என்ற பிரிவில் வருகிறது, டாக்டர் ‘ஹைப்பர்புரோட்டீனீமியா’ என்று நோயாகவே எழுதினால் இண்டெக்ஸ் அங்கே கூட்டிப்போகும். ஆர்77க்குக் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பில் இ88.0 வரிசை இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

தேவகோட்டை லேப்:
கோடிங் எனக்குத் தெரியாது, லேப் பக்கம் இருந்து சொல்கிறேன். டோட்டல் புரோட்டீன் பொதுவாக 6 முதல் 8.3 வரை. ஏறியிருந்தால் முதலில் ஆல்புமினைப் பார்க்க வேண்டும். உடம்பில் தண்ணீர் குறைந்து ரத்தம் கெட்டியாகியிருந்தால் ஆல்புமினும் சேர்ந்தே ஏறும். சித்திரை வெயிலில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறவர்களிடம் இதை இங்கே பார்க்கிறோம். ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் டூர்னிக்கெட் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைத்தாலும் கொஞ்சம் ஏறும்.

நீங்கள் சொன்ன ரிப்போர்ட்டில் ஆல்புமின் 3.6, ஏறவே இல்லை. அப்படியென்றால் ஏறியது குளோபுலின். அது நாள்பட்ட தொற்று, ஈரல் நோய், ஆட்டோஇம்யூன் நோய் இப்படிப் பல காரணத்தால் எல்லா வகை ஆன்டிபாடியும் கூடி ஏறலாம். இல்லை, ஒரே வகை பிளாஸ்மா செல் பெருகி ஒரே புரதத்தைக் கொட்டலாம். எலக்ட்ரோபோரெசிஸில் முதலாவது அகலமான மேடாகத் தெரியும், இரண்டாவது ஊசி மாதிரி உயரும். அதைத்தான் எம் பேண்ட் என்பார்கள்.

பள்ளத்தூர் ஆடிட்டர்:
இதைத்தான் எதிர்பார்த்தேன் அண்ணே, நன்றி. ரிசல்ட் வந்து டாக்டர் எழுதுவதைப் பொறுத்துத்தான் பாதை பிரியும். பாலிகுளோனல் (எல்லா வகை ஆன்டிபாடியும் கூடியது) என்றால் டி89.0. எம்ஜியூஎஸ் (எம் புரதம் இருந்தும் மைலோமா ஆகாத நிலை) என்று எழுதினால் டி47.2. மைலோமா உறுதியானால் அன்றைக்கு சி90.00. எம் பேண்ட் தெரிந்தாலே மைலோமா ஆகிவிடாது. எம் புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் குறைவு, எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல் 10 சதவீதத்துக்குக் குறைவு, உறுப்புகளில் பாதிப்பு இல்லை என்றால்தான் எம்ஜியூஎஸ். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இப்போதைக்கு டாக்டருக்கு ஒரு கொயரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புங்கள். ‘இது ஹைப்பர்குளோபுலினீமியாவா?’ என்று கேட்காதீர்கள், அது பதிலை நாமே வாயில் ஊட்டுவது. எண்களை அப்படியே வைத்து, ‘டோட்டல் புரோட்டீன் 9.4, ஆல்புமின் 3.6. இந்த முடிவின் மருத்துவ முக்கியத்துவத்தைத் தெளிவுபடுத்தவும்’ என்று கேளுங்கள். தேர்வுகள் கொடுத்தால் ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ இரண்டும் அதில் இருக்கட்டும். கிளெய்ம் எவ்வளவு வரும், மறுக்கப்படுமா என்ற பேச்சு கொயரியில் வரவே கூடாது.

கானாடுகாத்தான்:
குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் அப்பத்தாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இ88.0 என்று இருக்கிறது, 09 இல்லை. தப்பா?

பள்ளத்தூர் ஆடிட்டர்:
தப்பு இல்லை. 09 அமெரிக்கப் பதிப்பில் கூட்டிய இலக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10இல் இ88.0 வரைதான். ஆனால் அந்த கோடை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். புரதம் ஏன் ஏறியது, அடுத்து என்ன டெஸ்ட் என்று அப்பத்தாவைப் பார்த்த டாக்டரிடம் ரிப்போர்ட்டோடு போய்க் கேளுங்கள்.

காரைக்குடி கோடர்:
கொயரிக்குப் பதில் வந்துவிட்டது. டாக்டர் சார்ட்டில் அடெண்டம் (பின்சேர்ப்புக் குறிப்பு) எழுதியிருக்கிறார்: ‘குளோபுலின் அதிகம், காரணம் ஆராயப்படுகிறது.’ அதனால் ஆர்77.1, அனீமியாவுக்கு வகை சொல்லாததால் டி64.9. சரிதானே ஆச்சி?

பள்ளத்தூர் ஆடிட்டர்:
சரி. அடெண்டத்தில் தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரோபோரெசிஸ் முடிவோடு அவர் அடுத்த முறை வரும்போது புது கோடு அந்த வருகைக்குத்தான், இந்த சார்ட்டைத் திறந்து மாற்ற வேண்டாம்.