டாலஸ் கூரை வேலை: உரிம எண் சரி, ஆள் யார்?

உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

டாலஸ் தம்பி நேற்றுப் போட்ட மடலைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆலங்கட்டி மழையில் கூரை போய்விட்டது, மறுநாளே வாசலில் ஒருவர் வந்து நின்று "என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நானே பேசி முடித்துத் தருகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் எனக்கு நடந்தது. சில வருடங்களுக்கு முன் இங்கே கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில், வீட்டின் இரண்டு பாத்ரூம்களையும் இடித்துப் புதிதாகக் கட்டினோம். தெரிந்த குடும்பம் ஒன்று சொல்லி வந்தவர்தான் காண்ட்ராக்டர். நன்றாகப் பேசுவார், சொன்ன நேரத்துக்கு வருவார். கார்டில் மாநில உரிம எண் அச்சடித்திருந்தது. நானும் அதை அப்படியே நம்பிவிடவில்லை, சி.எஸ்.எல்.பி. என்கிற கலிஃபோர்னியா காண்ட்ராக்டர் உரிம வாரியத்தின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உரிமம் நடப்பில் இருக்கிறது என்று வந்தது. ஆனால் அதில் இருந்த பெயர் வேறு. கேட்டதற்கு "அது என் பார்ட்னர்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன், மூன்றில் ஒரு பங்குப் பணத்தை வேலைக்கு வந்தவரின் பெயருக்கே செக் எழுதிக் கொடுத்தேன்.

வேலை ஆரம்பித்து எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஷவர் சுவருக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த பையன் ஏணியிலிருந்து விழுந்தான். சத்தம் கேட்டு மாடிக்கு ஓடினால், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்து இடது மணிக்கட்டை மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான். முகமெல்லாம் வெள்ளைத் தூசி, அதில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. இருபது வயதுகூட இருக்காது. ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறான். வலியைவிடப் பயம்தான் அவன் முகத்தில் அதிகம் இருந்தது. என் மனைவி ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. நானே காரில் அர்ஜெண்ட் கேர் என்கிற உடனடிச் சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை, பலமான சுளுக்கு.

அன்று இரவுதான் அந்த உரிமப் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்தேன். வேலையாட்களுக்கு அடிபட்டால் ஈடுகட்டும் 'ஒர்க்கர்ஸ் காம்ப்' காப்பீடு என்ற பகுதியில், இந்த உரிமக்காரரிடம் வேலையாட்களே இல்லை, அதனால் விலக்கு என்று எழுதியிருந்தது. என் வீட்டிலோ தினமும் மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். காலையில் அதே பக்கத்தில் இருந்த போன் எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் அசல் உரிமக்காரர். என் வீட்டு வேலையைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. நம் ஆள் எப்போதோ அவரிடம் சில மாதம் வேலை பார்த்தவராம், அவ்வளவுதான் உறவு.

ஐந்து நிமிடம்கூட ஆகாத அந்தப் போனை நான் வேலைக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. காப்பீடு உள்ள ஒருவரிடம் வேலை செய்திருந்தால் அந்தப் பையன் அப்படிப் பயந்துபோய் உட்கார்ந்திருக்க வேண்டியதே இல்லை. வாரியத்தில் புகார் கொடுத்தேன், அலைந்து திரிந்து கொடுத்ததில் பாதிப் பணம் திரும்பி வந்தது. சட்டப்படி உரிமம் இல்லாதவர் கூலி பாக்கி என்று நம்மேல் வழக்குப் போட முடியாது, அவருக்குக் கொடுத்ததை முழுசாகத் திருப்பிக் கேட்கக்கூட இங்கே சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவரிடம் பணம் இருந்தால்தானே வரும்.

அதனால் கலிஃபோர்னியாக்காரர்கள் இதைக் கவனியுங்கள். 2025 ஜனவரியிலிருந்து, கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலருக்குக் குறைந்த வேலைக்கு உரிமம் வேண்டாம், அதுவும் பெர்மிட் என்கிற கட்டட அனுமதி தேவைப்படாத வேலையாகவும் அவர் வேறு ஆள் வைக்காமல் தனியாகச் செய்வதாகவும் இருந்தால்தான். அதற்கு முன்பு இந்த வரம்பு 500 டாலர். மற்ற எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். எண் நடப்பில் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அந்த உரிமத்தில் யார் யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்பதையும் அதே தளத்தில் பாருங்கள், வந்தவரின் அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். ஒப்பந்தமும் செக்கும் உரிமத்தில் உள்ள அதே கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். என்ன வகை உரிமம் என்றும் பார்க்க வேண்டும்: 'பி' என்பது பொதுக் கட்டுமானம், மின்வேலைக்கு சி-10, குழாய் வேலைக்கு சி-36, கூரைக்கு சி-39. கூரைக்காரர்கள் தங்களிடம் ஆளே இல்லை என்று சொல்லி ஒர்க்கர்ஸ் காம்பிலிருந்து விலக்கு வாங்க முடியாது, அவர்களுக்கு அது கட்டாயம்.

அட்வான்ஸ் விஷயத்தில் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத விதி இது. வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு மொத்தத்தில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இதற்கென்று தனி பாண்ட், அதாவது நமக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டும் உத்தரவாதம், கட்டிய சிலருக்கு மட்டும் விலக்கு. நான் கொடுத்த மூன்றில் ஒரு பங்கை நினைத்துப் பாருங்கள். "நான் பாண்டட்" என்று சொல்வதிலும் மயங்க வேண்டாம். உரிமத்துக்காகக் கட்டும் வழக்கமான பாண்ட் 25,000 டாலர், அவரால் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். வேலையில் நம் வீட்டுக்குச் சேதம் வந்தால் உதவும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டை வாரியம் பெரும்பாலானவர்களிடம் கட்டாயமாகக் கேட்பதில்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் அவர் கையிலிருந்து இல்லாமல் காப்பீட்டு ஏஜெண்டிடமிருந்து நேராக.

இன்னொன்று, டைல்ஸ் கடையிலிருந்தோ துணைக் காண்ட்ராக்டரிடமிருந்தோ 'பிரிலிமினரி நோட்டீஸ்' என்று தபால் வந்தால் விளம்பரம் என்று குப்பையில் போடாதீர்கள். காண்ட்ராக்டர் அவர்களுக்குப் பணம் கொடுக்காவிட்டால் உங்கள் வீட்டின்மேல் அவர்கள் 'லியன்', அதாவது கடனுக்கான உரிமைப் பிடிப்பு, போட முடியும், நீங்கள் காண்ட்ராக்டருக்கு முழுசாகக் கொடுத்திருந்தாலும்கூட. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அவர்களிடமிருந்து பாக்கி இல்லை என்ற லியன் ரிலீஸ் வாங்கிவிடுங்கள். பெர்மிட்டை உங்கள் பெயரில் ஓனர்-பில்டராக, அதாவது வீட்டுக்காரரே வேலையைச் செய்விப்பதாக, எடுக்கச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள், பொறுப்பெல்லாம் உங்கள் தலையில் வந்துவிடும்.

நியூ ஜெர்சி எடிசன் அக்கா, உங்கள் பேஸ்மெண்ட் வேலைக்கு வந்த ஆள் கொடுத்த 13விஎச் என்று ஆரம்பிக்கும் எண் நியூ ஜெர்சி நுகர்வோர் துறையில் பதிவு செய்த எண். அதற்காக அவர் தேர்வு எழுதித் தேறியவர் என்று அர்த்தமில்லை. அதைத் துறையின் தளத்தில் தேடிப் பாருங்கள், 500 டாலருக்கு மேல் எதுவானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். மின்வேலைக்கும் குழாய் வேலைக்கும் தனி உரிமம் உண்டு, அந்த எண்களையும் கேளுங்கள்.

இப்போது டாலஸ் தம்பிக்கு. டெக்சாஸில் கூரைக்காரருக்கு மாநில உரிமம் என்ற ஒன்றே கிடையாது, பொதுக் காண்ட்ராக்டருக்கும் கிடையாது. மின்வேலை, ஏசி என்றால் டி.டி.எல்.ஆர். என்கிற மாநில உரிமத் துறை உரிமம் தருகிறது, பிளம்பருக்குத் தனி வாரியம் இருக்கிறது. அதனால் அவர் 'லைசென்ஸ்' என்று காட்டியது என்னது, யார் கொடுத்தது என்று நேராகக் கேளுங்கள். பல நகரங்களில் காண்ட்ராக்டர் நகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும், உங்கள் நகரத்துப் பெர்மிட் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். அங்கே தனியார் முதலாளிகளுக்கு ஒர்க்கர்ஸ் காம்பும் கட்டாயமில்லை, ஆகவே உங்கள் கூரைமேல் ஏறப்போகிற ஆட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால்தான் தெரியும். தயவுசெய்து கேளுங்கள், அது உங்களுக்காக மட்டுமில்லை.

அப்புறம், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நானே பேசி முடிக்கிறேன் என்றாரே, தான் கூரை போடப்போகிற வீட்டுக்கே காப்பீட்டுத் தொகையைப் பேசி முடிக்கும் வேலையை ஒரு கூரைக்காரர் செய்ய டெக்சாஸ் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அடுத்ததாக 'டிடக்டிபிள் நீங்கள் கட்ட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பார், அதாவது காப்பீட்டில் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. 2019 செப்டம்பரிலிருந்து அதுவும் அங்கே குற்றம். இந்த இரண்டில் ஒன்றைச் சொன்னாலே ஆளை அனுப்பிவிடலாம். கூரை ஒழுகுகிறது என்றால் இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவின் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

அவர் கொடுத்த காகிதத்தைப் படம் பிடித்து எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள் தம்பி. இன்று இரவே படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன், சனிக்கிழமை அவர் திரும்பி வருவதற்குள் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஃப்ரீமாண்டிலிருந்து