புதுப்பிப்பு: கொழும்பு மருதானைப் பக்கத்துப் பழைய பாலம்

ரயில் பாதைக்கு மேலிருக்கும் பழைய வீதிப் பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஏன் இவ்வளவு யோசனை என்று போன மாதம் கேட்டிருந்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் விளக்கினார். கீழே ரயில் ஓடாத நள்ளிரவுச் சில மணிநேரத்தில்தான் கர்டரை, அதாவது பாலத்தைத் தாங்கும் நீண்ட உத்தரத்தைத் தூக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் உயரம். இப்போது ஓடுவது டீசல் ரயில். நாளைக்கு மின்சார ரயில் வந்தால் மேலே கம்பி போக இடம் வேண்டுமே! பாலத்தை 1 மீற்றர் உயர்த்தினால், 4 சதவீதச் சரிவில் இரண்டு பக்கமும் ஏற்றம் 25 மீற்றர் நீளும். அந்த 25 மீற்றரில் எத்தனை கடை வாசல் என்று நேற்று நடந்தே பார்த்தேன். எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன்.

கொம்பனித்தெரு மேம்பாலத்தை 2024இல் திறந்தார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், ஆனால் அங்கே இருந்தது ரயில் கடவை, அதாவது வீதி தண்டவாளத்தைத் தரைமட்டத்திலேயே கடக்கும் இடம். இடிக்கப் பழைய பாலம் இல்லை.

அப்புறம், தண்ணீர்க் குழாயும் கேபிளும் பாலத்தோடு போனால் முதலில் அவற்றை மாற்ற வேண்டும். வேலை நடக்கும்போது நடந்துபோகிறவர்களுக்குத் தற்காலிகப் பாலம் வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.