கலைச்சொல் விவாதம்: ‘சீக்ரெட் ஐடென்டிட்டி’ என்பதற்கு ‘மாறுவேடம்’ போதுமா?

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். படக்கதைச் சொற்பட்டியலில் ‘சூப்பர்ஹீரோ’ என்பதற்கு ‘மீநாயகர்’ என்று முடிவு செய்துவிட்டு, அடுத்த வரியில், அந்நாயகர் தம் ஆற்றலை மறைத்து வாழும் இன்னோர் அடையாளமாகிய ‘சீக்ரெட் ஐடென்டிட்டி’க்கு நேரே ‘மாறுவேடம்’ என்று எழுதிக் கடந்துவிட்டோம். அந்த இரண்டாம் வரியை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். ‘மீநாயகர்’ எனக்கு முழு உடன்பாடு. மீயொலி, மீத்திறன் என்று ‘மீ’ முன்பே நிலைபெற்றிருக்கிறது. ஈறும் இருபாலுக்கும் பொதுவாக அமைந்திருக்கிறது. அந்த ஆங்கிலச் சொல் 2024 வரை அமெரிக்காவில் இரண்டு பதிப்பகங்கள் கூட்டாகப் பதிந்து வைத்திருந்த வணிகக்குறி என்பதை நினைக்கும்போது, எவருக்கும் உடைமையாகாத ஒரு சொல்லை நாம் வைத்துக்கொள்வது நிறைவாகவும் இருக்கிறது. ஆயினும், பறப்பதற்காகவும் மலையைப் பெயர்ப்பதற்காகவும் மட்டும் இக்கதைகளை மக்கள் இத்தனை காலம் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களைப் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டாம் வரிதான்.

சென்ற கோடை விடுமுறையில், காரைக்குடியில் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம், இந்தக் கதைகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டேன். சுவரில் ஏறுவது, வலை வீசுவது என்று பலரும் சொல்லிக்கொண்டிருக்க, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும், “அவந்தேன் ஸ்பைடர்மேன்னு அவுக பெரியம்மாவுக்கே தெரியாது, நமக்கு மட்டுந்தேன் தெரியும்” என்றாள். நான் படித்த கட்டுரைகள் எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. உடன் வாழ்பவர்க்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிறது என்பதால் வாசகர் அந்தக் கதைக்குள் ஓர் உறவினராகிவிடுகிறார்.

இந்தச் சுவை நமக்குப் புதியதன்று. மழை வேண்டி விராட பருவம் படிக்கும் வழக்கம் உள்ள கிராமங்களில், அவைக்களத்தில் கங்கனாக அமர்ந்திருப்பவர் தருமர் என்பதும், மடைப்பள்ளியில் சோறாக்குபவன் வீமன் என்பதும் கேட்கும் அனைவருக்கும் தெரியும், விராடனுக்குத்தான் தெரியாது. சினங்கொண்ட அரசன் சூதாடு காயைக் கங்கன் முகத்தில் எறிய, மூக்கிலிருந்து வழியும் குருதி மண்ணில் விழுந்துவிடாமல் திரௌபதி ஓடிவந்து ஏந்துகிறாளே, அந்த இடத்தில் அவையோர் பதறுவது காயத்துக்காக அன்று. எறிந்தவனுக்குத் தான் யார்மீது எறிந்தோம் என்பது தெரியவில்லையே என்பதற்காகத்தான் பதறுகிறார்கள். கண்ணாடி அணிந்த கிளார்க் கென்ட்டை அலுவலகத்தில் எல்லோரும் கோழை என்று எண்ணும் பக்கங்களைப் படிக்கும்போது நமக்கு உண்டாகும் பதற்றமும் இதே இனத்தைச் சேர்ந்தது.

‘மாறுவேடம்’ ஏன் போதாது என்பதற்கு வருகிறேன். நகர்சோதனைக்குப் போகும் அரசன் ஓரிரவு வேடம் பூண்டு விடியலில் களைந்துவிடுகிறான். அங்கே உண்மை எது, வேடம் எது என்பதில் ஐயமில்லை. மீநாயகர் கதைகளில் அந்த உறுதி கிடைப்பதில்லை. 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனுக்குப் பிறப்பால் உரியது வேற்றுக்கோளின் ஆற்றல். செய்தியாளர் கிளார்க் கென்ட்தான் அணிந்துகொண்ட உரு. 1962-இல் வந்த ஸ்பைடர்மேனில் இது தலைகீழாகிறது: பீட்டர் பார்க்கர் என்ற ஏழைப் பள்ளி மாணவன் மெய், முகமூடி பின்னர் வந்தது. 1939-இல் தோன்றிய பேட்மேனிலோ, செல்வச் செருக்குடன் விருந்துகளில் திரியும் புரூஸ் வெய்னும் ஒரு நடிப்பு, வௌவால் முகமூடியும் ஒரு நடிப்பு. இரண்டுக்கும் அடியில், தாய்தந்தையரைக் கொலைக்குப் பறிகொடுத்த சிறுவன் ஒருவன் இருக்கிறான். இம்மூன்றையும் தாங்கும் சொல்லாக ‘மாறுவேடம்’ இல்லை. நமக்கு வேண்டியது ஆடையைக் குறிக்கும் சொல்லன்று, வாழ்வைக் குறிக்கும் சொல்.

குழுவில் முன்பு வந்த பரிந்துரைகளையும் மீண்டும் பார்த்தேன். ‘மறைமுகம்’ அழகான சொல்தான். ஆனால் மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது. ‘இரட்டை வேடம்’ என்றால் வஞ்சகமோ திரைப்படத்தில் ஒரே நடிகர் ஏற்கும் இரு பாத்திரங்களோதான் நினைவுக்கு வரும். ‘ஒளியுரு’வைப் படிப்பவர் சுடர்விடும் உருவம் என்றே பொருள்கொள்வார். தேவகோட்டை அன்பர் முன்வைத்த ‘மறைவிலாசம்’ என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. நகரத்தார் வழக்கில் விலாசம் என்பது தெருவும் கதவு எண்ணும் அன்று. தந்தை, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ஒரு கடையாகவும் குடும்பமாகவும் நிற்கும் அடையாளம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் அங்கே தம் பெயரைவிட அந்த விலாசத்தாலேயே அறியப்பட்டார்கள். மனிதர் வேறு, அவர் அறியப்படும் அடையாளம் வேறு என்ற நுட்பம் அச்சொல்லில் இருக்கிறது. செட்டிநாட்டுக்கு வெளியே அதைப் படிப்பவர் இரகசிய முகவரி என்று கொள்வார் என்ற ஒரே காரணத்தால்தான், மனமில்லாமல் அதை விலக்குகிறேன்.

படைப்பாளர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த மறைவு அவர்கள் வாழ்விலிருந்தே வந்தது. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்தில் ஒரே பள்ளியில் படித்த, புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். தம்மை ஏறெடுத்துப் பாராத பெண்களுக்குத் தம்முள் இருப்பது தெரிந்தால் எப்படியிருக்கும் என்ற ஏக்கத்தைக் கதையின் வித்துகளில் ஒன்றாகச் சீகலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். படக்கதை ஓவியர் ஜாக் கிர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். பேட்மேனின் படைப்பாளராக அறியப்பட்ட பாப் கேன், ராபர்ட் கான் ஆகப் பிறந்தவர். ஸ்டான்லி லீபர் என்ற இளைஞர், என்றேனும் எழுதப்போகும் பெரிய நாவலுக்கென்று தம் முழுப்பெயரை எடுத்துவைத்துவிட்டு, படக்கதைகளில் ஸ்டான் லீ என்று ஒப்பமிட்டார். அந்த நாவல் வரவேயில்லை. இப்படி ஒரு பெயரில் பிறந்து இன்னொரு பெயரில் உழைத்தவர்கள், இருபெயர் மனிதர்களைப் படைத்ததில் வியப்பில்லை.

இவர்களுள் என்னை மிகவும் வருத்துபவர் பில் ஃபிங்கர். பேட்மேனின் தலைமூடி, மேலங்கி, இருண்ட நிறம், புரூஸ் வெய்ன் என்ற பெயர் ஆகிய அனைத்திலும் அவர் கை உண்டு. ஒப்பந்தத்தில் பாப் கேன் பெயர் மட்டுமே இருந்ததால், ஃபிங்கர் 1974-இல் மறையும்வரை படைப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் அச்சேறவில்லை. 2015-இல்தான் பதிப்பகம் அதை ஏற்றது. சீகலும் ஷஸ்டரும் 130 டாலருக்குச் சூப்பர்மேனின் உரிமையைக் கொடுத்துவிட்டு, நெடுநாள் போராடி, 1975-இல் ஓய்வூதியமும் தம் பெயரும் திரும்பப் பெற்றார்கள். தம் பங்கை உலகம் அறியாதிருக்க வாழ்வது எத்தகையது என்பதை இவர்கள் கதையில் எழுதியதோடு நில்லாமல் வாழ்ந்தும் தீர்த்தார்கள்.

ஆகவே என் பரிந்துரை ‘கரந்துறை வாழ்வு’. சித்திரகவி வகைகளுள் ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் மற்றொரு செய்யுளை மறைத்துவைப்பதைக் கரந்துறை பாட்டு என்கிறோம். மேலே தெரியும் பாட்டும் உள்ளே உறையும் பாட்டும் இரண்டுமே முழுமையானவை. ஒன்று மெய், மற்றது பொய் என்று சொல்ல முடியாது. எனக்கு வேண்டிய பொருள் இதுவே. ‘கரந்துறை பெயர்’, ‘கரந்துறை நாயகர்’ என்று கிளைச்சொற்களும் எளிதில் வரும்.

இதனால் இன்னொரு தெளிவும் கிடைக்கிறது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையொன்றில், எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு அடியில், சணல் கயிற்றால் கட்டிய பழைய முத்து காமிக்ஸ் கட்டு ஒன்று கிடைத்தது. சிவகாசியிலிருந்து 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய வரிசை அது. மின்கம்பியைத் தொட்டவுடன் உடல் மறைந்துபோக, அந்த உலோகக் கை மட்டும் கட்டத்தின் நடுவே தனியே நிற்கிறது. விரல் கணுக்களின் திருகாணிகள்வரை ஓவியர் வரைந்திருக்கிறார். தமிழ் வாசகரில் பலர் முதலில் கண்ட மறைவு இதுதான் என்பதால், இதையும் அதையும் ஒன்றென்று கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மாயாவி செய்வது உருக்கரத்தல். கிளார்க் கென்ட் செய்வது கரந்துறைதல். முன்னவரைக் கண்ணால் காண முடியாது. பின்னவரை நாள்தோறும் கண்டும் அறிய முடியாது.

திரைப்படத்தில் இந்த மறைவு தேய்ந்துவருவதையும் குறிக்க வேண்டும். 2008-இல் வந்த அயர்ன் மேன் படத்தின் முடிவில் நாயகர் செய்தியாளர் கூட்டத்திலேயே தம்மை அறிவித்துவிடுகிறார். பெரும்பொருள் கொடுத்து அமர்த்திய நடிகரின் முகத்தை முகமூடிக்குள் வைத்திருக்கத் திரைக்கு மனம் வருவதில்லை போலும். காட்சிக்கு அது நன்மை. கதைக்கு இழப்பு என்பது என் எண்ணம்.

காரைக்குடியிலிருந்து,
அன்புடன்.

~

மதிப்பிற்குரிய ஐயா,

சொல் செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் மூதுரை இதற்கு நேரெதிராக நிற்கிறதே. “நஞ்சுடைமை தானறிந்து நாகம் கரந்துறையும்” என்று ஒளவையார் சொன்னது, நெஞ்சில் வஞ்சம் உள்ளவரே ஒளிவார், வஞ்சமில்லாதவர் ஒளியார் என்று காட்டுவதற்கு. அதே ‘கரந்துறை’யை எடுத்து அறத்தின் பக்கம் நிற்கும் நாயகருக்குச் சூட்டினால், பள்ளியில் மூதுரை படித்த பிள்ளைகள் குழம்பமாட்டார்களா? குறளிலும் ‘கரப்பார்’ என்றால், இருப்பதை இல்லையென்று ஒளிப்பவர். ‘புனைபெயர்’ போலக் குற்றம் சுமக்காத சொல்லாக, ‘புனைவாழ்வு’ என்று வைக்கலாமே.

கோட்டையூரிலிருந்து,
பணிவுடன்.

~

அன்புள்ள அம்மா,

வணக்கம். இந்தச் சொல் எதிர்கொள்ள வேண்டிய கடினமான கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். ‘புனைவாழ்வு’ குற்றமற்றது, ஆனால் அதில் மறைவே இல்லை. கற்பனையான வாழ்வு என்ற பொருள் முந்திக்கொள்ளும்; கதைமாந்தர் எல்லோருடையதும் புனைவாழ்வே.

மூதுரை வரியில் ‘தானறிந்து’ என்ற சொல்லைப் பாருங்கள். தன்னிடம் இருப்பது பிறரைக் கொல்லும் என்று நாகத்துக்குத் தெரிகிறது, அதனால் உறைகிறது. நீர்ப்பாம்புக்கு அந்தக் கவலை இல்லை. ஒளவையார் அதை வஞ்சகர்க்கு உவமையாக்கினார், மறுக்கவில்லை. ஆனால் மீநாயகரும் தம் ஆற்றல் அண்டையில் இருப்பவர்க்கு நஞ்சாகும் என்பதைத் தாமறிந்தே கரக்கிறார். பீட்டர் பார்க்கரின் பெயரைப் பகைவன் அறிந்துகொண்டான். 1973-இல் வந்த கதையில் அவன் காதலி குவென் ஸ்டேசி பாலத்தின் உச்சியிலிருந்து விழுந்து மடிந்தாள். அக்கதை இன்றளவும் வாசகரிடையே ஆறாத புண்ணாக இருப்பதற்கு, மறைவு கலைந்ததன் விலையை அவள் கொடுத்தாள் என்பதே காரணம். ஆகவே, வஞ்சத்தால் கரத்தலும் உண்டு, பரிவால் கரத்தலும் உண்டு என்று வகுப்பில் சொல்ல இச்சொல்லே வாய்ப்புத் தரும். பாண்டவர் கரந்துறைந்ததை நாம் வஞ்சம் என்று சொல்வதில்லை அல்லவா?

‘கரப்பு’, ‘கரவு’ ஆகிய தனிச்சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பதில் தங்களோடு முழுதும் உடன்படுகிறேன். அவற்றில் குறை ஏறிவிட்டது. ‘கரந்துறை’ என்ற கூட்டுச்சொல்லாக மட்டுமே வைப்போம். குழுவினர் பார்வைக்குப் பட்டியல் வரிகளைத் திருத்தி இணைக்கிறேன்:

கரந்துறை வாழ்வு: மீநாயகர் தம் ஆற்றலை உற்றாரும் அறியாதவாறு, வேறு பெயரோடும் தொழிலோடும் வாழும் வாழ்வு. வாசகர் அறிந்திருக்க, கதைமாந்தர் அறியாதிருப்பது இதன் இயல்பு.

கரந்துறை பெயர்: அவ்வாழ்வில் அவர் வழங்கும் பெயர்.

உருக்கரத்தல்: உடல் கண்ணுக்குப் புலனாகாதவாறு மறைதல். மேற்சொன்னவற்றிலிருந்து வேறானது.

மாறுவேடம்: சிறுபொழுதுக்குப் பூணும் ஆடை, ஒப்பனை. நீக்கவில்லை, தனி வரியாக நிற்கட்டும்.

முகம் திறத்தல்: கரந்துறை வாழ்வைத் தாமே பொதுவில் வெளிப்படுத்துதல். பகைவரோ பிறரோ வெளிப்படுத்துவதற்கு இன்னும் ஒரு சொல் தேவைப்படுகிறது, பரிந்துரைகளை வரவேற்கிறேன்.