மறு: "வாராத் தீர்ப்பு", "தீர்ப்பு ரத்து": இரண்டும் வேண்டாம் என்பேன்

> பினாங்கிலிருந்து ஐயா எழுதியது:
> பிரதிவாதி வராததால் கிடைக்கும் தீர்ப்பை "வாராத் தீர்ப்பு" எனலாம். பிறகு அதை எடுத்துவிடுவது "தீர்ப்பு ரத்து". "வாராக் கடன்" எல்லாருக்கும் பழகிய சொல்தானே.

ஐயா, வணக்கம். நம் சட்டச் சொற்பட்டியலுக்கு நீங்கள் சொன்ன இரண்டு சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வாராக் கடன் என்றால் வராத கடன். அதே கணக்கில் வாராத் தீர்ப்பு என்றால் இன்னும் வராத தீர்ப்பு என்றாகிவிடும். இங்கே தீர்ப்பு வந்துவிட்டது, தொல்லையே அதுதான்.

இலக்கணத்தை விடுங்கள். "வருதல்" என்ற சொல்தான் எனக்குப் பெரிய கவலை. கோலாலம்பூரில் ஒரு லாயர் ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருக்கிறேன். போன வருஷம் ஒரு பெரியவர் வந்தார். மச்சானின் கார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். ரிட் சமன், அதாவது வழக்குப் போட்டிருப்பதைச் சொல்லும் நீதிமன்றத் தாள், கைக்கு வந்ததும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேதி சொல்லிக் கூப்பிடுவார்கள், அன்றைக்கு ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்குப் போய் நீதிபதியிடமே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. ரிட் கிடைத்த 14 நாளுக்குள் "மெமோரண்டம் கெஹாடிரான்" என்ற தாளைப் பதிய வேண்டும்; வழக்கை எதிர்கொள்கிறேன் என்று எழுத்தில் சொல்வது அது, மலாயில் "கெஹாடிரான்" என்றால் வருகை. பதியாவிட்டால் விசாரணையே இல்லாமல் எதிர்த்தரப்பு ஜேஐடி (ஜட்ஜ்மென்ட் இன் டிஃபால்ட், நாம் பெயர் தேடும் அந்தத் தீர்ப்புதான்) வாங்கிவிடலாம். கெஹாடிரான் என்றால் நேரில் போவது என்றே அவர் நினைத்தார். மலாயில் வெட்டிய குழியைத் தமிழிலும் வெட்ட வேண்டுமா?

அதனால் என் முன்மொழிவு: பதிலின்மைத் தீர்ப்பு. அந்தத் தாளைப் பதியாதவருக்கும், பதிந்துவிட்டு எதிர்வாதம் தாக்கல் செய்யாதவருக்கும் இது பொருந்தும். "பதிலில்லாத் தீர்ப்பு" என்று வைத்தால் பழைய சிக்கல் திரும்ப வரும். "இன்மை" என்றால்தான் காரணம் தெளிவாக நிற்கிறது.

விசாரணை நாளில் ஆள் வராமல் போவது வேறு. அதற்கு "வராமைத் தீர்ப்பு" இருக்கட்டும். இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும், கெடுவே வேறு. மலேசியாவின் 2012 நீதிமன்ற விதிகளின்படி பதிலின்மைத் தீர்ப்பை நீக்கக் கேட்க, தீர்ப்பு நம் கைக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாள். வராமைத் தீர்ப்புக்குத் தீர்ப்பு நாளிலிருந்தே 14 நாள். ஒரே சொல்லை வைத்தால் 30 நாள் இருக்கிறதென்று நம்பி ஒருவர் 14 நாளைக் கோட்டை விடுவார்.

தமிழ்நாட்டின் "ஒருதலைப்பட்சத் தீர்ப்பு" நமக்கு ஒத்துவராது. நீதிபதி ஓரவஞ்சனை செய்தார் என்றுதான் நம் சனம் படிக்கும்.

இனி "ரத்து". அந்தப் பெரியவருக்கு எதிராக வந்த ஜேஐடியை எடுக்கக் கேட்ட மனு ஏற்கப்பட்ட அன்று, "ஐயா, தீர்ப்பு ரத்தாயிடுச்சு" என்று நான்தான் சொன்னேன். வராந்தாவில் நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டு, "கேஸ் முடிஞ்சிருச்சு" என்றார். எதிர்வாதம் தயாரிக்கக் கூப்பிட்டபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை. கேஸ் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

1937-இல் எவன்ஸ் எதிர் பார்ட்லம் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் அவை சொன்ன அடிப்படையும் இதுதான்: வழக்கின் நியாயத்தைப் பார்க்காமல், விதிமுறையைப் பின்பற்றாத காரணத்துக்காக மட்டும் கிடைத்த தீர்ப்பைத் திரும்ப எடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. போவது தீர்ப்பு மட்டும், வழக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பணிநீக்கத்தில் ஆள்தான் போகிறார், பணி இருக்கிறதல்லவா? அதுபோல இது "தீர்ப்பு நீக்கம்". ஓரமாக ஒதுக்குவதைச் சொல்லும் மலாயின் "மெங்ஙெத்தெப்பிக்கான்" போல "ஒதுக்கிவைப்பு" என்றும் யோசித்தேன். "ஒத்திவைப்பு" என்று காதில் விழும், ஆபத்து.

சமனே முறையாகச் சேராமல் வாங்கியது "முறைதவறிய" தீர்ப்பு. அதை உரிமையோடு நீக்கக் கேட்கலாம். முறைப்படி வாங்கியதென்றால், விசாரிக்கத் தகுந்த எதிர்வாதம் இருக்கிறதென்று அஃபிடவிட்டில் காட்ட வேண்டும். இந்தச் சொற்களில் யாருக்கும் மறுப்பு இராது என நினைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பட்டியலில் "தீர்ப்பு நீக்கம்" என்று போடும் இடத்தில், பக்கத்திலேயே "வழக்கு தொடரும்" என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துப் போடுங்கள், ஐயா.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து